வீட்டுவானும் கட்டாக் கருவாடும்

மழை என் நெற்றிக்கு ஒரு சாண் மேலே பெய்துகொண்டிருந்தது. சாண் என்றால் சாண்தான். படுத்தபடியே கையை விரித்து அளந்திருக்கிறேன், சுண்டுவிரல் புருவத்தில் நிற்கும், பெருவிரல் கூரையில் முட்டும். ஒவ்வொரு துளியும் தனித்தனியாக இறங்கிவந்து, கண்ணாடியிழைக் கூரையில் விழுந்து, உடைந்து, வழிந்து, வழிகிற போக்கில் எங்கேயோ ஒரு பொருத்து விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடித்து உள்ளே புகுந்து, என் காதருகே வைத்திருந்த பால் காய்ச்சும் சட்டிக்குள் ‘டிங்’ என்று தன் வருகையைச் சொல்லும். நனையாமல் மழைக்கு அவ்வளவு கிட்டப் படுத்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டுக் கோடை, மொன்றியல். எனக்குப் பதினாலு வயது. அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேரும் ஏழு கிழமை குடியிருந்த அந்தப் பொருளுக்கு மூன்று பெயர்கள் இருந்தன. நகரத்தின் வடக்கில், மொன்ட்ரியால்-நோர் பகுதியில் நாங்கள் அதுவரை இருந்த தெருப் பிள்ளைகள் அதைப் பிரெஞ்சில் ‘ரூலோட்’ என்றார்கள். அப்பா ‘வீட்டுவான்’ என்றார். என் மாமா, அம்மாவின் ஒரேயொரு அண்ணர், அதை முதன்முதலில் பார்த்த மாத்திரத்தில் ‘கோழிக்கூடு’ என்றார். இந்தக் கட்டுரை மூன்றாவது பெயரை வைத்தவருக்காக எழுதப்படுகிறது. அவர் நன்றாகத் தமிழ் வாசிப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசிக்கட்டும்.

அப்பா துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் கொள்கலன் இறக்குகிற வேலை செய்தார். கூட வேலை செய்து ஓய்வு பெற்ற கியூபெக் கிழவர் ஒருவர், இனித் தனக்கு ஏறி இறங்க முழங்கால் விடாது என்று சொல்லி, தன் வீட்டுவானை அப்பாவின் கையில் ஒப்படைத்தார். எழுபதுகளின் கடைசியில் பிறந்த ஒரு சின்ன ஜப்பான் ட்ரக். அதன் முதுகில் வெள்ளைப் பெட்டி. பெட்டியின் இடுப்பில் செம்மஞ்சளும் மண்ணிறமுமாக இரண்டு பட்டிகள். என்னைவிடப் பத்து வயது மூத்தது. அப்பா மன்னாரில் பிறந்தவர். மடு மாதா திருவிழாவுக்கு அவருடைய வீட்டார் சட்டி பானை, பாய், கோழி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்க் கோவிலைச் சுற்றிக் கொட்டில் போட்டுக் குடியிருந்துதான் கும்பிடுவார்களாம். இங்கே எங்கள் சனத்துக்கு ஓட்டாவா ஆற்றுப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு மாதா கோவில் இருக்கிறது. ஆவணி நடுவில் ரொறன்ரோவிலிருந்தும் ஓட்டாவாவிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து பூசை கண்டு, சாப்பிட்டு, பின்னேரமே திரும்பிவிடுவார்கள். அப்பாவுக்கு அது பொறுக்காது. “வீட்டைக் கொண்டு போகாமல் மாதாவிட்டைப் போறதோ? விருந்தாளி மாதிரி?” என்பார். அதற்காகத்தான் அந்த வான்.

அதன் அழகை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லப்போவதெல்லாம் கசப்பு. அதற்குள் நடுவில் நின்றுகொண்டு கையை நீட்டினால் எட்டாதது எதுவுமில்லை. இடக்கையால் யன்னலைத் திறக்கலாம், வலக்கையால் தேநீரை இறக்கலாம், முழங்காலால் அலுமாரியைச் சாத்தலாம். மேசையைப் பதித்துவிட்டால் அது கட்டில். கட்டிலின் தலைமாட்டைத் தூக்கினால் அரிசிப் பெட்டி. சாரதி இருக்கைக்கு மேலே கூரைக்கும் தட்டுக்கும் இடையிலிருந்த பொந்து என் அறை, அதன் முனையில் பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பி அளவில் ஒரு யன்னல், அதன் வழியாக ஊர் எனக்கு முன்னால் ஓடிவரும். சாதாரணக் கார் நிற்கிற இடத்தில் நிற்கும். இயந்திரம் அவ்வளவு எளிமையானது, மூடியைத் திறந்தால் கீழே தார் தெரியும். அப்பா ஒரு திருகாணிச் சாவியையும் ஒரு செபத்தையும் வைத்துக்கொண்டு அதைத் திருத்துவார். இன்றைக்கும் நெடுஞ்சாலையில் அப்படியொரு சின்னப் பழைய வண்டியைக் கண்டால் என் கால் தானாக வேகத்தைக் குறைக்கிறது.

குறைகள்? ஏற்றம் கண்டால் அதற்கு ஆஸ்த்மா. பின்னால் லொறிகள் ஹோர்ன் அடிக்கும், இயந்திரம் கொதிக்கும், அந்தச் சூட்டை இறக்குவதற்கு அப்பா ஆடி மாத வெயிலில் வண்டிக்குள்ளே வெப்பமூட்டியை முழுவீச்சில் போடுவார். நாங்கள் மூவரும் இட்டலிபோல அவிந்து மலையேறுவோம். ‘பிறிட்ஜ்’ சமதரையில் நின்றால் மட்டுமே குளிரும், ஒரு விரல் சரிந்தாலும் பால் திரைந்துவிடும். அதனால் எங்கே நிறுத்தினாலும் அப்பா மேசையில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, நீர்மட்டத்தைப் பார்த்துப் பார்த்து, சில்லுக்குக் கீழே பலகை சொருகுவார். கூரையில் ஒரு ஓட்டையை அடைத்தால் மழை அடுத்ததைத் தேடிக்கொள்ளும். கழிப்பறையோ நிமிர்த்தி வைத்த ஒரு அலுமாரி. உள்ளே குந்தினால் முழங்கால் கதவில் இடிக்கும். காற்றோட்டத்துக்கென்று அந்தக் கதவின் கீழ்ப்பாதி முழுக்க இடைவெளி விட்டுப் பதித்த சீவிய மரச்சட்டங்கள். கதவைத் திறந்தால் நேரெதிரே, ஒரு அடி தூரத்தில், அடுப்பு. அந்த ஒரு அடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூரையில் கையால் சுழற்றித் திறக்கிற ஒரு புகைவாசல் உண்டு. அதைத் திறக்காமல் ஒரு முட்டை பொரித்தால் மூன்று நாளைக்கு நாங்களெல்லாரும் முட்டை.

“இடம் சின்னனெண்டால் வாயையும் சின்னனாக்க வேணும்,” என்பது அம்மாவின் சட்டம். அவர் அந்த ஏழு கிழமையும் ஒரு தரம்கூடக் குரலை உயர்த்தவில்லை. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் வாசகர்களுக்கு மொன்றியலின் யூலை முதலாம் திகதியைப் பற்றிச் சொல்லவேண்டும். வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் அநேகமாக அன்றைக்கு முடிந்து அன்றைக்கே தொடங்கும். ஒரே நாளில் பாதி நகரம் மற்றப் பாதியின் வீட்டுக்குக் குடிபோகும். படிக்கட்டு முழுக்க மெத்தைகள் வழுக்கும், நடைபாதை முழுக்கக் கதிரைகள் குந்தியிருக்கும், சலவை இயந்திரத்தைக் கட்டியணைத்தபடி ஆண்கள் வளைபடிகளில் இறங்குவார்கள். அன்றைக்கு வீடு கைதவறினால், நிரம்பிய நகரத்தில் வேறு வீடு அகப்படாது.

மாமா அந்த வருடத் தவக்காலத்தில், மொன்ட்ரியால்-நோரில் இரண்டு தட்டு வீடொன்றை வாங்கியிருந்தார். அவருடைய சொந்த வீடு கர்க்லாண்டில், மேற்குப் பக்கத்துப் புல்வெளிகளுக்கு நடுவே. “மேல்த்தட்டு உங்களுக்குத்தான், தங்கச்சி. மாதா மேலை சத்தியம்,” என்று அம்மாவின் தலையில் கைவைத்துச் சொன்னார். அம்மா அன்றே எங்கள் பழைய வீட்டுக்காரருக்கு, ஒப்பந்தத்தை நீட்டமாட்டோம் என்று கடிதம் கொடுத்தார். அண்ணை சொன்னால் அம்மாவுக்கு அது கல்வெட்டு. கப்பலில் வேலை செய்து இவரைப் படிக்கவைத்து, இந்த நாட்டுக்கும் கூப்பிட்ட அண்ணை.

யூலை முதலாம் திகதி காலை பத்து மணிக்கு, எங்கள் கட்டில், தையல் இயந்திரம், திரு இருதயப் படம் எல்லாம் நடைபாதையில் நிற்க, மாமா காரில் வந்து இறங்கி, கார்க் கதவைச் சாத்தாமலே சொன்னார்.

“அருள், ஒரு சின்னச் சிக்கல். மாமியின்ர தம்பி குடும்பம் ரொறன்ரோவில இருந்து வந்திட்டுது. குஞ்சு குருமானோட. அதுகளை என்ன செய்யிறது?”

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா, “பாவங்கள் அண்ணை, அவை இருக்கட்டும்,” என்றார்.

“ரெண்டு கிழமை பொறுங்கோ. உங்கடை கோழிக்கூட்டைக் கொண்டுவந்து என்ர முத்தத்தில விடுங்கோ. சாமானை என்ர கராஜுக்கை போடுங்கோ. ஒரு குறையும் வராது.”

‘முற்றம்’ என்று அவர் சொன்னது கராஜுக்கு முன்னாலிருந்த தார்ச் சரிவை. அது வீதிப்பக்கம் சரிந்திருந்தது. அப்பா தம்ளர் தண்ணீரை வைத்து, பலகை சொருகினார். மறுநாளே மாமா பலகையைக் காலால் தட்டி, “தார் பழுதாகும் அருள்,” என்றார். பலகையின் கீழே அப்பா தன் பழைய கம்பளிச் சட்டையை மடித்து வைத்தார். விடியமுன்னரே எழும்பி, பஸ்ஸும் மெட்றோவும் மாறி மாறி நகரத்தின் மேற்கு நுனியிலிருந்து கிழக்கு நுனிக்கு வேலைக்குப் போனார்.

மாமிக்குப் புதுக் குசினி. வெள்ளைக் கல், வெள்ளை அலுமாரி, அடுப்பின்மேல் ஒரு கண்ணாடித் தொப்பி. எங்கள் சனத்தில் புது வீடு வாங்கியவர்கள் மீனைக் கராஜில் வைத்துப் பொரிப்பது வழக்கம். வீட்டுக்குள் மணம் ஏறினால் வீடு ‘விலை போகாது’ என்று ஒரு பயம். மாமியின் கராஜிலோ இப்போது எங்கள் கட்டில். ஆகவே நாங்கள் வந்த மூன்றாம் நாள் ஒரு பொட்டலத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“மச்சாள், உங்களுக்கும் பொரிக்கிறதோட இதையும் ஒருக்காப் பொரிச்சு விடுங்கோவன். உங்கடை வான் எப்பிடியும் பழசுதானே.”

கட்டாக் கருவாடு, கட்டா மீனை உப்பிட்டுக் காயவைத்தது. மன்னார்க்காரருக்கு அது அமிர்தம், அயலாருக்கு அது ஆபத்து. அம்மா புகைவாசலைச் சுழற்றித் திறந்துவிட்டுப் பொரித்தார். இரண்டு நாள் கழித்து இன்னொரு பொட்டலம். பிறகு நெத்தலி, பிறகு சூடை. வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீடு அவர்களுடைய குசினி. மூடிய தட்டில் பொரியல் உள்ளே போகும், மணம் எங்களோடு நிற்கும். என் தலையணை, என் பள்ளிக்கூடப் பை, என் பின்னல் எல்லாவற்றிலும் கருவாடு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாமா வீட்டாரின் காரில் எங்களுக்கு இடமிருந்தும், மாமி இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, “பிள்ளை, இனிமேல் நீங்கள் பஸ்ஸில வாங்கோ, உடுப்பெல்லாம் பிடிக்குது,” என்றார். அது யாருடைய கருவாடு என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

இரண்டு கிழமை மூன்றாயிற்று. வீடு அகப்படவில்லை. அப்பாவின் தோய்த்த சாரம் வானின் பக்கக் கண்ணாடியில் காய்வதை மாமா கராஜ் வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தார். மாமி யாருடனோ தொலைபேசியில், எனக்குக் கேட்கட்டும் என்றே, “விருந்தும் மருந்தும் மூண்டு நாளெல்லோ,” என்று சிரித்தார். அந்தச் சனிக்கிழமை மாமாவின் வேலைத்தலத்து மேலதிகாரிகள் ‘பார்பிகியூ’வுக்கு வருவதாக இருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் நகரசபைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் மரியாதையான மனிதர். வண்டிக்குள் ஆட்கள் குடியிருப்பதாக முறைப்பாடு வந்திருக்கிறது, இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் எடுக்கவேண்டும் என்று ஒரு தாளை என்னிடம் தந்தார். வீட்டில் பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒழுங்காகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாசித்துச் சொன்னேன். அம்மா தாளை வாங்கி, நாலாக மடித்து, செபப் புத்தகத்துக்குள் வைத்தார்.

மாமா ஓடிவந்து தன் தலையில் கைவைத்தார். “இது அந்தப் பக்கத்து வீட்டு வெள்ளைக் கிழவியின்ர வேலை. எனக்குத் தெரியும். அவளுக்கு எங்களைக் கண்ணில காட்டக்கூடாது.”

பக்கத்து வீட்டு மதாம், மாமா சொன்ன அந்தக் கிழவி, தனியாக இருந்தவர். முன்படியில் வரிசையாகச் சிவப்பு ஜெரேனியப் பூச்சட்டிகள் வைத்து, ஒவ்வொரு நாளும் அவற்றோடு கதைப்பார். அன்றைக்குப் பொழுது சாயும் நேரம் நான் போய், ஒரு பூ விடாமல், எல்லாவற்றின் கழுத்தையும் திருகினேன். கைநிறையச் சிவப்பு. அந்தச் சந்தோசத்தை இன்றைக்கும் விரல்களில் உணர்கிறேன். தவறான முகவரிக்குப் போன சந்தோசம் அது.

மறுநாள் காலை நாங்கள் புறப்பட ஆயத்தமாகையில் மதாம் எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் பூவில்லாத ஒரு சட்டி. என் முகத்தைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், பூவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிரெஞ்சில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார்: போன கிழமை உன் மாமா என்னிடம் வந்தார். நகரசபைக்கு ஒரு அழைப்பு எடுத்துச் சொல்லமுடியுமா, தான் எடுத்தால் சொந்தக்காரரின் மனம் நோகும் என்றார். நான் மாட்டேன் என்றேன். உங்கள் சமையல் மணத்தில் எனக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. அப்படியானால் தானே எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அது நான்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு போகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அம்மா அருகில் நின்றார். ஒரு சொல் விளங்கவில்லை. “என்னவாம், பிள்ளை?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் அண்ணை வீட்டு யன்னலுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்; உள்ளே திரைச்சீலை அசைந்தது, யாரும் கைகாட்டவில்லை.

“சுகமாய்ப் போயிட்டு வரச் சொல்லுறா,” என்றேன்.

அந்தப் பொய்யோடு பழி என் தனிச்சொத்தாயிற்று. அம்மாவுக்கு அண்ணை மிச்சமிருக்கட்டும், கணக்கை நான் தீர்க்கிறேன் என்று, கழுத்துத் திருகிய பூக்கள் மேல் ஆணையாக, அந்த வானின் பொந்துக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு சொன்னேன். பதினாலு வயதுப் பழிக்கு உள்ள தூய்மை பிறகு எந்த வயதிலும் வாய்ப்பதில்லை.

அடுத்த நாலு கிழமையும் அப்பாவின் களஞ்சியத்துக்குப் பின்புறம் நின்றோம். காவல்காரர் ஹெய்திக்காரர், எங்களைக் காணாத மாதிரி ஒவ்வொரு நாளும் எங்களுக்கு வணக்கம் சொல்வார். கொள்கலன்கள் தலைக்கு மேலால் போகும், தம்ளர் தண்ணீர் நடுங்கும். மாமி ஞாயிறுதோறும் பூசை முடிய அம்மாவின் கையில் கருவாட்டுப் பொட்டலத்தைத் திணித்து, அடுத்த ஞாயிறு பொரியலை வாங்கிக்கொண்டு போனார். முறைப்பாடு அந்த வழக்கத்தை ஒன்றும் செய்யவில்லை.

பிறகு திருவிழா வந்தது. நாங்கள் முதல்நாளே போய், மலையடிவாரப் புல்லில் நல்ல இடம் பிடித்து, பலகை சொருகி, தண்ணீரைப் பார்த்து நிறுத்தினோம். அப்பா அன்றைக்கு அரசர். ஆள் ஆளாக வந்து எட்டிப் பார்த்தார்கள், “அருளண்ணை, இதுக்குள்ள கட்டிலும் இருக்கோ?” என்று வாய் பிளந்தார்கள். திருவிழா அன்று விடிய மழை தொடங்கியது. ஆயிரக்கணக்கான சனம், சேறு, வாடகைக்குக் கொண்டுவந்து வைத்த பத்துப் பதினைந்து கழிப்பறைக் கூடுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் குடை பிடித்த நீண்ட வரிசை. மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் பட்டுச் சால்வையோடு வந்திருந்தார். அந்த வருடம் பவனியில் மாதாவின் சுரூபத்தைத் தூக்குகிற நாலு பேரில் அவர் ஒருவர். அந்த இடத்துக்கு அவர் இரண்டு வருடம் காத்திருந்தார். மாமி வந்ததும் வராததுமாக அம்மாவிடம் கட்டாக் கருவாட்டைக் கொடுத்து, “பவனி முடியச் சோத்தோட சாப்பிடுவம், மச்சாள்,” என்றார்.

பூசை முடிந்து பவனிக்கு ஆயத்தமாகிற நேரம். அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார், நான் வானுக்குள் தனியாக. கதவில் படபடவென்று தட்டு.

“பிள்ளை, கதவைத் திற. கெதியாய்!”

“ஆர்?”

“மாமா. வயித்தைக் கலக்குது. காலமை ஆரோ தின்ன றோல்ஸ் தந்தவங்கள். அங்கை பெரிய வரிசை. திற, பிள்ளை.”

நான் கொளுக்கியில் கையை வைத்தேன். எடுத்தேன்.

“மாமா, ஒண்டு கேக்கவேணும்.”

“பேந்து கேள்!”

“பேந்து நீங்கள் சுரூபம் தூக்கப் போயிடுவியள். கர்க்லாண்டில எங்களைப் பற்றி நகரசபைக்கு அறிவிச்சது ஆர்?”

“அந்தக் கிழவியெண்டு எத்தினை தரம் சொன்னனான்!”

“அப்ப அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, திறக்கிறன்.”

வெளியே மழை. ஒரு முனகல். யன்னல் சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தேன். மாமா வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறிக்கொண்டிருந்தார்.

“வண்டிக்குள்ள ஆக்கள் இருக்கக்கூடாதாம், மாமா. சட்டமாம்.”

“நான்தான்! நான்தான் எடுத்தனான். மாமி நெருக்கினவ, சனிக்கிழமை ஆக்கள் வரவிருந்தவை... என்ர மோளெல்லே, திற!”

கொளுக்கியைக் கழற்றினேன். கதவு திறந்தது. மாமாவுக்குப் பின்னால், மூன்று அடி தூரத்தில், ஒரு கையில் குடையும் மற்றக் கையில் தண்ணீர் வாளியுமாக அம்மா நின்றார்.

வெற்றி அந்தக் கணத்தில் கசந்தது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். கசக்கவில்லை. ஆனால் அம்மாவின் முகத்திலிருந்து ஏதோ ஒன்று, கரையில் கட்டிய வள்ளம் கயிறு அறுந்ததுபோலச் சத்தமில்லாமல் விலகிப் போனதைப் பார்த்தேன். அதற்கும் மாமாதான் பொறுப்பு; அதையும் அவர் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

“போங்கோ அண்ணை,” என்றார் அம்மா. “லைற் சுவிச் இடப்பக்கம்.”

மாமா கழிப்பறை அலுமாரிக்குள் பாய்ந்தார். அம்மா வாளியை இறக்கிவைத்தார். காலைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. கையை உயர்த்தி, கூரைப் புகைவாசலைச் சுழற்றி இறுக்கி மூடினார். இடக்கையால் யன்னல். வலக்கையால் அடுப்பு. எல்லாம் நின்ற இடத்தில் நின்றபடியே. அதுதானே அந்த வானின் அழகு. தாச்சியில் எண்ணெய் விட்டார். மாமியின் பொட்டலத்தை அவிழ்த்தார்.

முதல் துண்டு எண்ணெயில் விழுந்தபோது எழுந்த சத்தம், எங்கள் கூரையில் அதுவரை கேட்ட எந்த மழையையும்விடப் பெரிதாக இருந்தது.

“தங்கச்சி?” மரச்சட்டங்களுக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல். “என்ன, ஏதோ...”

“கருவாடு அண்ணை. மச்சாள் தந்தவ.”

“பேந்து பொரிக்கலாமே!”

“நீங்கள் ஆறுதலாய் இருங்கோ அண்ணை.”

மாமாவால் வெளியே வரமுடியாது, றோல்ஸ் விடவில்லை. அம்மா நிதானமாகப் பொரித்தார். ஒவ்வொரு துண்டையும் திருப்பினார். நீலப் புகை எழும்பி, கூரையில் முட்டி, போக்கிடமில்லாமல் கீழே இறங்கி, சீவிய சட்டங்களுக்கூடாக ஒவ்வொரு கோடாக உள்ளே நுழைந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண் எரிந்தது. அம்மாவின் கண்ணிலும் நீர் வழிந்தது. அது புகையாலா என்று நான் கேட்டதில்லை. பொட்டலத்தில் ஒரு துண்டு மிச்சம் விடவில்லை.

மணி அடித்தது. மாமா வெளியே வந்தார். வேட்டி வெள்ளை, சட்டை வெள்ளை, சால்வை பட்டு. பார்வைக்கு ஒரு குறையுமில்லை. அம்மாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல உதட்டைப் பிரித்தார்.

“நேரமாச்சு அண்ணை,” என்றார் அம்மா. “நீங்கள் சத்தியம் பண்ணின மாதா. பாத்துக்கொண்டு நிக்கிறா.”

பவனியை நான் வானின் பொந்து யன்னலால் பார்த்தேன், பிறகு பொறுக்கமாட்டாமல் இறங்கி ஓடிக் கூடவே நடந்தேன். மழைக்கு மணத்தைக் கழுவத் தெரியாது. ஈரத்தில் அது இன்னும் எழும்பும். முன்னால் தூக்கியவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பக்கத்துத் தோள்காரர் முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டு செபம் சொன்னார். “ஆரப்பா பவனிக்குள்ளை கருவாடு கொண்டந்தது?” என்று ஒரு கிழவர் உரக்கக் கேட்க, பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அந்தச் சிரிப்பு குடை குடையாகப் பின்னுக்குப் போயிற்று. மாமி சுரூபத்துக்குப் பின்னால் செபமாலையோடு நடந்தார். மற்றக் கையில் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் மூக்கு.

மத்தியானம் அம்மா சோற்றோடு எங்கள் மூவருக்கும் மட்டும் பரிமாறினார். நடந்தது ஒன்றும் தெரியாத அப்பா, “நல்ல கருவாடு. ஆரின்ர?” என்று கேட்டார். “எங்கடை,” என்றார் அம்மா. அவர் அதற்குப் பிறகு நெடுங்காலம் அண்ணை வீட்டுக்குப் போகவில்லை. சண்டை பிடிக்கவுமில்லை, கலியாண வீடுகளில், செத்த வீடுகளில் கண்டால், “சுகமோ அண்ணை?” என்பார். அவ்வளவுதான்.

திருவிழா முடிந்த கையோடு மொன்ட்ரியால்-நோரில் ஒரு நிலக்கீழ் வீடு கிடைத்தது. வான் களஞ்சியத்துக்குப் பின்னால் நின்றது. பனிக்காலத்துக்கு முன் குழாய்களிலிருந்து தண்ணீரை வடித்துவிடவேண்டும் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. கதவைப் பூட்டிவிட்டால் வீடு பத்திரம் என்று நினைக்கிற ஊரிலிருந்து வந்தவர். பங்குனியில் திறந்தபோது குழாயெல்லாம் வெடித்து, தரை ஊறின பாண்போலக் காலின் கீழே அமிழ்ந்தது. இழுத்துக்கொண்டு போகிற வண்டி வந்த அன்று அப்பா தம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இப்போது அந்தக் களஞ்சியம் இல்லை. ஜெரேனிய மதாம் இல்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை, இந்த முழுக் கதையிலும் நான் வெட்கப்படுவது அதற்கு ஒன்றுக்குத்தான். அப்பாவும் போய்விட்டார். செம்மஞ்சள் பட்டி போட்ட அந்தச் சின்ன வான்கள் வீதியில் அருகிவிட்டன. மாமா இருக்கிறார், அதே கர்க்லாண்டில், அதே தார்ச் சரிவில். ஓய்வு பெற்றபின் வாங்கிய ஒரு மோட்டார் வீட்டோடு. பஸ் அளவு நீளம். கோடை முழுக்க வாசலில் நிற்கிறது. நகரசபையின் இலக்கம் என் கைபேசியில் இருக்கிறது, சில பின்னேரங்களில் எடுத்துப் பார்ப்பேன். அழுத்தவில்லை. இரக்கத்தால் அல்ல, அழுத்திவிட்டால் பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது.

போன கோடையில் மாமாவின் பேரனுக்குக் கோவிலில் முதல்நன்மைச் சடங்கு, வீட்டில் விருந்து. அம்மா, என்ன நினைத்தாரோ, வாறன் என்றார். விருந்து முடிய மாமா எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்த் தன் மோட்டார் வீட்டைக் காட்டினார். தோல் இருக்கைகளில் இன்னும் பிளாஸ்டிக் உறை. தொலைக்காட்சி இரண்டு. பிறிட்ஜ் எந்தச் சரிவிலும் குளிருமாம். “எனக்குச் சின்னனில இருந்தே இதுகளில ஒரு ஆசை,” என்று அவர் சபைக்குச் சொன்னார். “அருளுக்கும் காட்டியிருக்கலாம். பாவம், அவருக்கும் ஒண்டு இருந்தது, ஒரு கோழிக்...” அங்கே நிறுத்திக்கொண்டார்.

அம்மா உள்ளே நடந்தார். கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தார், மூடினார். அதற்கும் குசினிக்கும் இடையில் நின்று, இரண்டு பக்கமும் கையை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. பளபளத்த, ஒரு நாளும் பற்றாத அடுப்பை விரலால் தடவினார்.

“அண்ணை,” என்றார், வழக்கமான சின்னக் குரலில், “இது எரியுமோ?”

எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. பட்டுச் சட்டைக் கையை மெல்ல உயர்த்தி, தானறியாமலே, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.